பெட்ரோல் ஒழுகும் இடம்: அம்பாசடர், ஃபியட் கார்களின் எரிபொருள் வழியும் பழுதுபார்ப்போர் மரபும்

காரின் வரலாறு பெரும்பாலும் எஞ்சினின் வளர்ச்சியை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. தொட்டியில் உள்ள பெட்ரோலைச் சிந்தாமல் எஞ்சின்வரை கொண்டுசேர்க்கும் குழாய், பம்பு, மிதவை, வாஷர் ஆகியவற்றுக்கு அந்த நூல்களில் ஓரிரு பத்திகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஆனால் பழைய கார்களைப் பழுதுபார்த்தே வாழ்ந்த தொழிலாளர்களின் பக்கமிருந்து பார்த்தால், எரிபொருள் கசிவைக் கண்டறிவது அவர்களுடைய அறிவுக்கு ஏற்பட்ட கடினமான சோதனைகளுள் ஒன்று என்பது விளங்கும். பெட்ரோல் நீரின் உறைநிலைக்கும் வெகு கீழே, சுமார் −40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடுகிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலெழுந்து கலையாமல் தரையோடு படர்ந்து பள்ளங்களில் தேங்குகிறது. காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு கலந்திருந்தாலே அது பற்றிக்கொள்ளும். கசிந்த திரவமோ வெயிலில் சில நிமிடங்களில் உலர்ந்துவிடுகிறது. தன் தடத்தை இவ்வாறு அழித்துக்கொள்ளும் ஒழுக்கைக் கண்ணால் மட்டும் பிடித்துவிட முடியாது. எரிபொருள் எந்த விசையால் நகர்கிறது, எந்தப் பொருளால் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் அறிந்து, அவற்றிலிருந்து ஊகித்தே பிடிக்க வேண்டும். அம்பாசடரும் ஃபியட்டும் இந்தியச் சாலைகளை ஆண்ட அரை நூற்றாண்டில் அத்தகைய ஊக முறை ஒன்று பட்டறைகளில் முதிர்ந்தது.

அம்முறையின் வேர்கள் இக்கார்களுக்கு முந்தியவை. தொடக்ககாலக் கார்களில் எரிபொருளை நகர்த்தியது புவியீர்ப்பே ஆகும். 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து பெட்ரோல் தானாகவே இறங்கி கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவியை, வந்தடைந்தது. தொட்டியில் எரிபொருள் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏற நேர்ந்தால் எஞ்சின் தொட்டியைவிட உயர்ந்துவிடும் என்பதால், ஓட்டுநர்கள் காரைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றினர். இவ்வகைக் காரில் கசிவு என்பது இரவும் பகலும் நிற்காமல் சொட்டுவது; திருகுகுழாயை மூடினால் மட்டுமே நிற்பது. தொட்டியைப் பின்புறத்துக்கு மாற்றிய விலையுயர்ந்த கார்களில் தொட்டிக்குள் காற்றழுத்தம் ஏற்றி எரிபொருளைத் தள்ளும் முறை கையாளப்பட்டது. சமஸ்தான மன்னர்கள் விரும்பி வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் மூடியின் வாஷர் தளர்ந்தால் பெட்ரோல் வெளியே வருவதற்கு முன்பே அழுத்தம் போய் எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு பின்தொட்டியிலிருந்து ஒரு சிறு தொட்டிக்கு எரிபொருளை உறிஞ்சி, அங்கிருந்து ஈர்ப்பால் இறக்கும் மூன்றாவது முறையும் 1910களிலும் 1920களிலும் பரவலாக இருந்தது. ஈர்ப்பு, அழுத்தம், உறிஞ்சல் என்ற மூன்று விசைகளும் மூன்று வெவ்வேறு வகைக் கசிவுகளைத் தருகின்றன என்ற உண்மையைப் பழுதுபார்ப்போர் முதலில் கற்றது இந்தக் கார்களில்தான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உள்ளாகி, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு உண்டாக்கி ஊர்திகளை ஓட்டும் கலங்களைத் தயாரித்து விற்கும் அளவுக்குத் தட்டுப்பாடு முற்றியது. அந்நாள்களில் கசிவு என்பது ஆபத்து மட்டுமன்று, ஈடுசெய்ய முடியாத இழப்பாகவும் இருந்தது.

விடுதலைக்குப் பின் அமைந்த நிலைமைகளே இம்மரபுக்கு முழு வடிவம் தந்தன. 1942இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடரை 1950களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் வார்த்தெடுக்கத் தொடங்கி, 2014 மே மாதம்வரை தயாரித்தது. 1944இல் பம்பாயில் நிறுவப்பட்ட பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், ஃபியட் 1100 காரைப் பல பெயர்களில் தயாரித்து, 1974இல் அதற்குப் பத்மினி என்று பெயரிட்டு, அந்நூற்றாண்டின் இறுதிவரை விற்றுவந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கட்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடும், புதிய கார் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலையும் சேர்ந்து, மற்ற நாடுகளில் பத்தாண்டுகளில் கழித்துக்கட்டப்படும் காரை இங்கே முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடவைத்தன. இலங்கையில் மோரிஸ் மைனர் கார்கள் அவ்வாறே இறக்குமதித் தடைகளால் நீடு வாழ்ந்தன. எரிபொருள் அமைப்பில் அடிப்படை மாற்றம் ஏதுமின்றி ஒரே கார் இரண்டு தலைமுறைப் பழுதுபார்ப்போரின் கைகளில் இருந்ததால்தான் அதன் ஒவ்வொரு மூட்டும் எந்த வயதில் எப்படித் தளரும் என்ற அறிவு அத்தனை நுட்பமாகத் திரண்டது என்று கருத இடமுண்டு.

இந்தக் கார்களின் எரிபொருள் வழியில் நடுநாயகமாக விளங்கியது எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட இயந்திரப் பம்பு. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய இப்பம்பில், எஞ்சினின் கேம் தண்டு சுழலும்போது ஒரு நெம்புகோல் அசைந்து, டயாப்ரம் எனப்படும் ரப்பர் பூசிய துணித்தகட்டைக் கீழே இழுக்கிறது. அப்போது பின்னால் உள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. நெம்புகோல் விட்டதும் டயாப்ரத்துக்கு அடியில் உள்ள சுருள்வில் அதை மேலே தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்கிறது. கார்புரேட்டரின் சிறு கிண்ணம் நிறைந்தவுடன் அதிலுள்ள மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடிவிடுவதால், வழி அடைபட்டு டயாப்ரம் கீழேயே நிற்க, நெம்புகோல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். வில்லின் வலிமையே அழுத்தத்தைத் தீர்மானிப்பதால் அது சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 பவுண்டு என்ற அளவைத் தாண்டுவதில்லை. இந்த எளிய பொறியின் இருபுறமும் இருவேறு உலகங்கள் உள்ளன: தொட்டியிலிருந்து பம்புவரை எஞ்சின் ஓடும்போது உறிஞ்சல், பம்பிலிருந்து கார்புரேட்டர்வரை அழுத்தம்.

தேர்ந்த மெக்கானிக்கின் முதல் கேள்வி "எங்கே ஒழுகுகிறது?" என்பதாக இல்லாமல் "எப்போது ஒழுகுகிறது?" என்பதாக இருந்ததற்கு இதுவே காரணம். எஞ்சின் ஓடும்போது மட்டும் சொட்டி, நிறுத்திய சற்று நேரத்தில் நின்றுவிடும் கசிவு அழுத்தப் பக்கத்தைச் சேர்ந்தது; பம்பின் மூடி, கார்புரேட்டருக்குச் செல்லும் டியூப், அதன் யூனியன் எனப்படும் திருகு இணைப்பு ஆகியவற்றிலேயே அதைத் தேட வேண்டும். கார் நின்றிருக்கும்போது சொட்டி, ஓடும்போது மறையும் கசிவு உறிஞ்சல் பக்கத்துக்கு உரியது. அங்கே ஓட்டத்தின்போது பெட்ரோல் வெளியே வருவதற்கு மாறாகக் காற்று உள்ளே புகுகிறது, ஆகவே காரின் அடியில் ஈரமே இல்லாமல் எஞ்சின் மட்டும் மேட்டில் திணறும். பெட்ரோல் மணக்கவில்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவுகட்டி, கார்புரேட்டரைத் தேவையில்லாமல் கழற்றிப் பூட்டுவது அனுபவமற்றோர் பலமுறை செய்த தவறு. தொட்டியை நிரப்பிய நாளில் மட்டும் பின் இருக்கையில் நெடி வீசி, பாதி தீர்ந்ததும் அது அடங்குமானால், ஓட்டை தொட்டியின் அடியில் இல்லை. எரிபொருள் அளவைக் காட்டும் கருவி பொருத்தப்பட்ட மேல்வாயின் கார்க் வாஷரிலோ, நிரப்பு வாயையும் தொட்டியையும் இணைக்கும் தடித்த ரப்பர்க் குழாயிலோ உள்ளது. கருவி எதையும் தொடாமல், கார் உரிமையாளரிடம் கேட்கும் சில கேள்விகளாலேயே தேடும் பரப்பைக் கால்பங்காகச் சுருக்கிவிடும் இந்த முறை, மருத்துவர் நோயாளியிடம் கேட்டறியும் முறைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

வெளியே ஒரு சொட்டும் காட்டாமல் போகக்கூடிய மற்றொரு கசிவும் உண்டு. டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியாகச் சொட்டலாம். அல்லது நெம்புகோலின் வழியே எஞ்சினுக்குள் இறங்கி எண்ணெயோடு கலந்துவிடலாம். அப்போது எண்ணெய் அளவு குறைய வேண்டிய காரில் அளவு கூடியிருப்பதை அளவுகோல் காட்டும். எண்ணெய் கூடியிருக்கிறதே என்று மகிழ்ந்து அப்படியே ஓட்டியவர்கள், நீர்த்துப்போன எண்ணெயால் பேரிங்குகளை இழந்தனர். அளவுகோலை எடுத்தவுடன் அதை மூக்கருகே கொண்டுசெல்லும் வழக்கம் பட்டறைகளில் ஏற்பட்டது இதனால்தான். கோடையில் பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் பெட்ரோல் கொதித்து ஆவியாகி ஓட்டத்தைத் தடுக்கும் ஆவித்தடையும் கசிவுபோலவே தோற்றம் தரும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டதும் கார் கிளம்பிவிட்டால் அது கசிவன்று என்பது உறுதி. அம்பாசடர் ஓட்டுநர்கள் பலர் அத்துணியைக் கருவிப்பெட்டியின் ஓர் உறுப்பாகவே வைத்திருந்தனர்.

கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்து வழிவது இவை எல்லாவற்றிலும் கொடியது. அம்பாசடரில் பயன்பட்ட 1489 கன செண்டிமீட்டர் எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோக்கிக் கிளைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் அமைந்தவை. மேலிருந்து வழியும் பெட்ரோல் நேரே கொதிக்கும் இரும்பின்மேல் விழக்கூடும். வழிவதைத் தொலைவாகக் கொண்டுபோய் விடுவதற்கென்று தயாரிப்பாளர் வைத்த மெல்லிய வடிகுழாய், பிரித்துப் பூட்டும்போது தொலைந்துபோய், மீண்டும் பொருத்தப்படாமலே விடப்பட்ட கார்கள் உண்டு. வழிவதற்குக் காரணம் ஊசி வால்வின் முனை தேய்ந்திருப்பதாகவோ அதில் துகள் சிக்கியிருப்பதாகவோ இருக்கலாம். மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். பித்தளைத் தகட்டால் ஆன மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே புகுந்த பெட்ரோல் சலசலக்கும்; வெந்நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் ஆவி விரிந்து ஓட்டையின் வழியே குமிழி விடும். அந்த இடத்தில் ஈயப்பற்று வைத்தால் ஓட்டை அடைபடும். ஆனால் பற்றின் எடை கூடினால் மிதவை தாழ்ந்து மிதக்கும், வால்வு தாமதமாக மூடும், கிண்ணம் மீண்டும் வழியும். எனவே கூடுதல் ஈயத்தை அரத்தால் தேய்த்தெடுத்து எடையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டர்கள் சென்னையில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டமையால் தமிழ்நாட்டில் ஊசியும் வாஷரும் கிடைப்பது ஓரளவு எளிதாக இருந்தது. கிடைக்காதவற்றுக்குச் சென்னையின் புதுப்பேட்டை, கொல்கத்தாவின் மல்லிக் பஜார் போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகள் இருந்தன.

எரிபொருளைத் தடுத்து நிறுத்திய பொருள்களின் வரலாறு தனித்துச் சொல்லத்தக்கது. தொடக்கத்தில் தோலும் கார்க்கும் அரக்கும் மட்டுமே இருந்தன. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்துக் கூழாகிவிடும் என்பதால் அதற்கு இடமில்லை. ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1930களில் உருவாக்கிய நைட்ரைல் ரப்பர்தான் பெட்ரோலைத் தாங்கும் குழாய்களையும் டயாப்ரங்களையும் பெருவழக்காக்கியது. இந்தியப் பட்டறைகளில் கார்க்கும் அரக்கும் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நிலைத்தன. அரக்குப் பூச்சி தரும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து வாஷரின் இருபுறமும் பூசினால், ஸ்பிரிட் உலர்ந்தபின் அது பெட்ரோலில் கரையாத படலமாக இறுகும். வழியில் தொட்டி ஓட்டையானால் குளியல் சோப்பைப் பிசைந்து அதில் அழுத்துவது லாரி ஓட்டுநர்முதல் கார் ஓட்டுநர்வரை அனைவரும் அறிந்த உபாயம். சோப்பு நீரில் கரையுமே தவிர பெட்ரோலில் கரையாது என்ற வேதியியல் உண்மையே அதன் அடிப்படை. பின்னாளில் எம்-சீல் போன்ற இருபொருள் பசைகள் அந்த இடத்தைப் பிடித்தன. செம்புக் குழாய் அதிர்வால் நாளடைவில் கடினப்பட்டு வெடிப்பு விடும் என்பதால், அதைக் கழற்றிச் செந்நிறமாகும்வரை சூடாக்கி ஆறவைத்து மீண்டும் மென்மையாக்குவதும் முறையாகப் பின்பற்றப்பட்டது. துணிப்பின்னல் போர்த்த ரப்பர்க் குழாயின் வெடிப்பு பின்னலுக்குள் மறைந்திருக்கும். வளைத்துப் பார்த்தால்தான் ஈரம் தெரியும். உலர்ந்துபோன இடத்தைக் காண்பதற்கும் வழி இருந்தது: பெட்ரோலில் சேர்க்கப்பட்ட நிறப்பொருள் ஆவியாகாமல் மங்கிய கறையாக எஞ்சும், ஐயத்துக்குரிய மூட்டைத் துடைத்துச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவிவைத்தால், கசியும் புள்ளியில் தூள் நனைந்து நிறம் மாறும்.

தொட்டியைப் பற்றவைப்பது இத்தொழிலின் உயிர்ப்பகுதி. உயிரையும் வாங்கிய பகுதி. காற்றின் ஈரம் தொட்டிக்குள் குளிர்ந்து நீராகி, பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கித் தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே, தொட்டியைத் தாங்கும் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் சேரும் சேறு அதே வேலையைச் செய்கிறது. தொட்டியை இறக்கி, வாய்களை அடைத்து, சிறிது காற்று ஏற்றி நீரில் அமிழ்த்தி ஓட்டைகளைக் குறித்துக்கொண்டபின், அது பெரும்பாலும் ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கடைக்கே சென்றது, ஏனெனில் தகட்டைச் சுரண்டி, துத்தநாகத்தை அமிலத்தில் கரைத்த திரவத்தைப் பூசி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றை உருக்கி ஓட்டும் கைத்திறன் அங்கேதான் இருந்தது. பெட்ரோல் நிறைந்த தொட்டியைவிட வடித்துவிட்ட தொட்டியே வெடிக்கும் ஆபத்து மிகுந்தது என்பது பொதுமக்களுக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. நிறைந்த தொட்டிக்குள் எரிவதற்கு வேண்டிய காற்று இல்லை. வடித்த தொட்டியில் சுவர்களிலும் மடிப்புகளிலும் ஒட்டிய துளிகள் காற்றோடு சரியான விகிதத்தில் கலந்து காத்திருக்கின்றன. இதனால் தொட்டியைப் பலமுறை கழுவி, நீராவி செலுத்தி, பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே இருக்கும்படி நீரால் நிரப்பிய பின்னரே சூட்டுக்கோலை வைத்தனர் நிதானமுள்ளோர். கழுவியாயிற்று என்ற நம்பிக்கையில் சுடரைக் காட்டியவர்கள் கையையும் கண்ணையும் சில வேளைகளில் உயிரையும் இழந்தனர். பாதுகாப்பு உடையோ காப்பீடோ இன்றி, உதவிச் சிறுவர்களாகப் பட்டறைக்கு வந்து கற்றுக்கொண்ட தொழிலாளர்கள் தாங்கிய இந்த விலை, இந்தியக் கார்த்தொழிலின் வரலாற்றில் உரிய இடம் பெறாதது பெருங்குறை.

கார் மாறாமல் இருந்தபோதும் எரிபொருள் மாறியது. எஞ்சின் தட்டுவதைத் தடுக்க ஈயச் சேர்மம் கலக்கும் வழக்கம் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியின் 1921ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பால் தோன்றியது. இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயம் நீக்கப்பட்டது. அதன்பின் 2003இல் ஒன்பது மாநிலங்களில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2022 ஜூனில் நாட்டின் சராசரி 10 விழுக்காட்டை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025இல் அதுவே பொது வழக்கானது. எத்தனால் என்பது சாராயத்தின் சாரமான அதே ஆல்கஹால். அரக்கைக் கரைக்கப் பட்டறைகள் பயன்படுத்திய ஸ்பிரிட்டும் அதன் இனமே. ஆகவே அறுபதாண்டுகளாக மூட்டுகளைக் காத்துவந்த அரக்குப் படலத்தை இன்றைய எரிபொருளே கரைக்கவல்லது. சோப்பும் ஆல்கஹாலில் கரையும் தன்மை உடையது. பழைய வகை ரப்பர் பருத்து மென்மையாகிறது, கார்க் இளகுகிறது, எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால் தொட்டியின் அடித்துரு பெருகுகிறது, பல ஆண்டுகளாகச் சுவரில் படிந்து சில நுண்துளைகளைத் தற்செயலாக அடைத்திருந்த பிசுக்கும் கழன்று, ஊசி வால்வில் போய்ச் சிக்குகிறது. பழுதுபார்ப்போரின் ஊக முறை இன்றும் செல்லும், ஏனெனில் ஈர்ப்பும் உறிஞ்சலும் அழுத்தமும் மாறவில்லை. ஆனால் அவர்களின் அடைப்புப் பொருள்கள் செல்லாதவை ஆகிவிட்டன.

எரிபொருளை நேரே தெளிக்கும் பிற்காலக் கார்களில் குழாயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கும் மேல் செல்வதால், பழைய கார்களுக்கென விற்கப்படும் குழாயை அவற்றிலோ, அவற்றுக்குரிய அறிவை இவற்றிலோ கலப்பது கூடாது. மும்பையில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் இருபதாண்டு வரம்பை எட்டி விலகிய பின், இவ்வகைக் கார்களை அன்றாடம் தொடும் மெக்கானிக்குகள் விரைந்து குறைந்துவருகின்றனர். அம்பாசடரையோ ஃபியட்டையோ ஹெரால்டையோ இன்றும் வைத்திருப்போர், ஒழுக்குக் கண்ணில் படும்வரை காத்திராமல், டயாப்ரம், ஊசி வால்வு, கார்க் வாஷர்கள் ஆகியவற்றை எத்தனாலைத் தாங்கும் பொருளுக்கு மாற்றிவிட வேண்டும். ரப்பர்க் குழாயில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற குறி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தொட்டியை வீட்டில் எவரும் பற்றவைக்கக் கூடாது. எழுபதைக் கடந்த மேஸ்திரிகள் இன்னும் சிலர் தம் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான காரணங்களையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்து தமிழில் நூலாக்கும் பணியைத் தொழிற்பயிற்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் இனியும் தள்ளிப்போடாமல் ஏற்க வேண்டும்.